கண்ணாடி அக்காவும் கணக்கில் வராத கணினிகளும்

சிலரைப் பற்றிச் சொல்லும்போது மூக்கின் மேல் கோபம் என்போம். கண்ணாடி அக்காவுக்கு மூக்கின் மேல் ஏற்கெனவே கண்ணாடி உட்கார்ந்திருப்பதால் கோபத்துக்கு அங்கே இடம் போதவில்லை. நாக்குக்கு இறங்கிவந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கடைத்தெரு முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. அவரைவிட மூத்த, பல் போன ஆசாமிகளும் அக்கா என்கிறார்கள். பாதி மரியாதை, பாதி பயம்.

மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், உள்ளே ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் வெளியே போகவேண்டிய அகலத்தில் இருக்கிறது அவருடைய கடை. முன்னால் பிரேம்கள். திரைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் நாற்காலி. அதற்கும் பின்னால், தண்ணீர் தெளித்துக்கொண்டே லென்ஸ் தேய்க்கும் மெஷின். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று பதில் வந்தால், "அப்ப பார்க்கறது யாரு, உங்க பக்கத்து வீட்டுக்காரரா?" என்பார். அவர் போட்டுக்கொடுத்த கண்ணாடியால் தலைவலி வந்தது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. தைரியம் வராததும் காரணமாக இருக்கலாம்.

அக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, விளக்கிச் சொன்னால் "அதனால உனக்கு என்ன கிடைக்குது?" என்று சொந்தக்காரர்கள் கேட்கக்கூடிய ரகம். அவர் ஒரு லினக்ஸ் குழுவின் தன்னார்வலர். உலகெங்கும் சிதறிக்கிடக்கும் ஆட்கள் சேர்ந்து, ஒரு கணினிக்கு வேண்டிய மென்பொருள் அத்தனையையும் திரட்டி, சரிபார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். நேரில் பார்த்துக்கொள்ளாமலே சண்டை போடுவதற்கு மனிதகுலம் கண்டுபிடித்த வழிகளில் இதுதான் உருப்படியானது.

கணினிக்குள் இருக்கும் சிப்புகளில் பல இனங்கள் உண்டு. ஓர் இனத்துக்காகத் தயாரித்த மென்பொருளை இன்னோர் இனத்தில் போட்டால், அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிய கதைதான். ஒவ்வொரு சிப்புக்கும் தனியாகப் பவர் பார்த்து, ஆயிரக்கணக்கான மென்பொருள்களை, அவர்கள் பாஷையில் பேக்கேஜ்களை, தனித்தனியாகத் தேய்த்துத் தரவேண்டும். இதற்கு போர்ட் பண்ணுவது என்று பெயர். ஊரெல்லாம் வைத்திருக்கும் பிரபலமான சிப்புகளுக்கு இந்த வேலையைப் பார்க்கப் பெரிய கம்பெனிகள் ஆள் போட்டிருக்கின்றன. நாதியில்லாத சிப்புகளுக்கு அக்கா மாதிரி ஆட்கள்.

அந்த நாதியில்லாத சிப் அவர் வீட்டுக்குள் வந்தது நாத்தனார் மூலமாக.

நாத்தனார் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு தேர்தலுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் வந்து இறங்கின. மூடியில் சிரித்த முகம் ஒன்று ஒட்டியிருந்தது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும், அந்தச் சிரிப்பின் மேல் வேறு சிரிப்பை ஒட்டச்சொல்லி உத்தரவு வந்தது. ஒட்டியவருக்குக் கை கோணல். சில கணினிகளில் புது முகத்துக்கு ஓரத்தில் பழைய காது தெரியும். முகத்தில் காட்டிய அக்கறையில் கால்வாசியை உள்ளே இருந்த சிப்பில் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. உள்ளே போட்டிருந்தது, உலகத்தில் வேறு யாரும் சீண்டாத மலிவுச் சரக்கு. செய்த கம்பெனி, சரக்கு வந்து சேர்ந்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டது. அதன்பின் அந்தக் கணினிகளுக்கு எந்தப் புதுப்பித்தலும் வரவில்லை. இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசியில் எல்லாம் உடைந்த நாற்காலிகளோடு ஓர் அறையில் அடைபட்டன. பொறுப்பான ஒருவர்கூட வெட்கப்படவில்லை. பதவி உயர்வு வாங்கியவர்கள் உண்டு.

நாத்தனார் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க. உசுப்பினா முழிக்குது. முழிச்சு சும்மா பார்த்துட்டே இருக்கு. ஒரு வேலையும் செய்யமாட்டேங்குது."

"உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு."

"அதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். பழகினவங்க நீங்கதானே?"

அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சத்தமாக ஒரு பக்கத்தைத் திருப்பினார். அந்த வீட்டில் அவருடைய எதிர்ப்பு அந்த அளவில்தான் இருக்கும்.

அந்தச் சிப்புக்கு லினக்ஸ் குழுவில் யாரோ பாதி செய்து கைவிட்ட போர்ட் ஒன்று கிடப்பதை அக்கா கண்டுபிடித்தார். எப்படி மேலே கொண்டுபோவது என்று கேட்டார். போய்ப் படித்துவிட்டு வா என்று திட்டினார்கள். படித்துவிட்டு வந்து திருப்பித் திட்டினார். இப்படியே சில வருடங்கள் ஓடி, அந்தப் போர்ட் எழுந்து நின்றது. திட்டியவர்களில் பாதிப்பேர் இன்று அவருக்கு நண்பர்கள். மீதிப்பேர் குழுவைவிட்டே போய்விட்டார்கள்.

இந்தச் சிப்புக்கான மென்பொருளை, எழுதிவைத்த நிரலிலிருந்து இந்தச் சிப்பிலேயே கட்டிப்பார்த்தால்தான் நம்பலாம் என்பது அக்காவின் கட்சி. சிப் மலிவு, அதனால் வேகம் மகா மட்டம். ஒரு பிரவுசரைக் கட்டி முடிக்க வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே, பள்ளியில் மிஞ்சிய, திரை உடைந்த, விசை உதிர்ந்த மடிக்கணினிகளை மூடி கழற்றி, வாசல் பக்கம் இருந்த செருப்பு அலமாரியில் தட்டுகளைப் போல் அடுக்கி, ராப்பகலாக ஓடவிட்டார். வீட்டில் செருப்புகள் தரைக்கு வந்தன. ஒருநாள் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். ஃபியூஸ் போயிற்று.

"என்னங்க பண்ணீங்க?"

"சட்டை தேய்ச்சேன்."

"பிரவுசர் முக்கால்வாசி வந்திருந்துச்சுங்க!"

"சட்டையும் முக்கால்வாசிதான் வந்திருந்துச்சு."

அதிலிருந்து அந்த மனிதர் அனுமதி கேட்டுத்தான் இஸ்திரி போடுகிறார். "இன்னைக்குத் தேய்க்கலாமா?" "நாளன்னைக்குப் பாருங்க, பெரிய பேக்கேஜ் ஒண்ணு ஓடுது." அவர் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீசில் அவர் சட்டையை வைத்தே லினக்ஸ் உலகின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

நாத்தனாரின் பள்ளியில் அறைக்கதவு திறந்தது. கணினிகள் விழித்தன, இந்தத் தடவை வேலையும் செய்தன. பிள்ளைகள் படம் வரைந்தார்கள், கணக்குப் போட்டார்கள், டீச்சருக்குத் தெரியாமல் விளையாடினார்கள். இதே கணினிகளை வைத்திருந்த வேறு ஊர்ப் பள்ளிகளும் கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டன. எத்தனை பள்ளிகள் என்று கேட்டால் அக்காவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் போனதற்கு அவரேதான் காரணம். அந்த விவகாரத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

இந்த லினக்ஸ் குழுவினருக்கு ஒரு பெருமை உண்டு. தங்கள் மென்பொருளை யார் எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மோப்பம் பிடிக்கமாட்டார்கள். மிஞ்சிப்போனால், நிறுவும்போது ஒரே ஒரு கேள்வி: இந்தக் கணினி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் அவ்வப்போது எங்களுக்குச் சொல்லலாமா? ஆமாம் என்றால் கணக்கில் வரும். இல்லை என்றால் அத்தோடு சரி.

பள்ளிகளுக்கான நிறுவல் வட்டைத் தயாரித்தபோது அக்கா அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாமுக்குப் போய் வந்திருந்தார். பிள்ளைகளுக்குப் பவர் பார்க்க ஒதுக்கிய நேரத்தைவிட, கண்ணாடி மாட்டிய பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எண்ணி, படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பிய நேரம் அதிகம். வெயிலில் நின்ற ஒரு குழந்தை மயங்கி விழுந்தது. விழுந்ததையும் எழுப்பி நிறுத்தி எண்ணினார்கள். அந்தச் சூடு ஆறாமல் வந்து உட்கார்ந்தவர், "இந்தப் பிள்ளைகளை எண்ணினது போதும்" என்று குறிப்பு எழுதி, கேள்வியை நீக்கினார். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் முன்னால் சிப் வாரியாகக் கூப்பிடுவார்கள். அந்தந்தச் சிப்புக்குப் பொறுப்பானவர் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரிதான், ஆனால் குரல் கிடையாது, எல்லாம் திரையில் தட்டச்சு. கூப்பிடுபவர் வெளியீட்டுப் பொறுப்பாளர். வேண்டாததை வெட்டுவதில் கைதேர்ந்தவர் என்பதால் அவருக்குக் குழுவில் கத்தரி என்றே பெயர். கத்தரியின் ஊரில் விடியும் நேரம் அக்காவுக்கு மதியம். எனவே அந்தக் கூட்டம் அக்காவின் கடையிலேயே நடந்தது. நாற்காலியில், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இரும்பு பிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க சிப்புக்கு யாரு?" என்று கத்தரி தட்டினார்.

"நான் இருக்கேன்" என்றார் அக்கா.

"பயன்படுத்தறவங்க?"

"பள்ளிக்கூடங்க."

"எத்தனை?"

"நிறைய."

"நிறையங்கறது எண் இல்லீங்க. எங்க கணக்குல உங்க சிப்புல ஒரே ஒரு மெஷின்தான் தெரியுது."

அந்த ஒன்று, கடையில் அக்காவின் முன்னால் இருந்த மடிக்கணினியேதான்.

"அக்கா, கீழ் வரி மங்கலா இருக்கு" என்றார் தபால்காரர்.

"இங்க எல்லாமே மங்கலாத்தான் இருக்கு. சும்மா இருங்க."

கத்தரி தொடர்ந்தார். "உங்க சிப்புல ஒரு பேக்கேஜ் முரண்டு பிடிச்சா, மத்த எல்லாச் சிப்புக்கும் சேர்த்து அது நிக்குது. போன மாசம் உங்களால நான் ரெண்டு வாரம் காத்திருந்தேன். ஒருத்தருக்காக இத்தனை பேர் நிக்கணுமா? அடுத்த கூட்டத்துக்குள்ள சொல்லிக்கற மாதிரி ஒரு கணக்கைக் காட்டுங்க. இல்லைன்னா வெளியீட்டிலிருந்து எடுத்துடறோம்."

நியாயமாகப் பார்த்தால் கத்தரியும் சம்பளமில்லாத ஆள்தான். விடியற்காலையில் எழுந்து, தன் சொந்த வேலைக்குப் போவதற்குமுன், ஊர் உலகத்தின் பேக்கேஜ்களுக்காக மண்டையை உடைத்துக்கொள்பவர். அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபமில்லை. ஆனால், "உங்களை வேவு பார்க்கமாட்டோம்" என்று மார்தட்டிக்கொள்ளும் ஒரு கூட்டம், வேவு பார்த்தால் மட்டுமே கிடைக்கும் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தால், சாதுவான எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவுக்குக் கேட்கவேண்டுமா?

தபால்காரர் ஒருவழியாகத் தொண்டையைச் செருமினார். "இன்னொரு நாள் வரட்டுமாம்மா?"

"இருங்க, இருங்க. கோவம் உங்க மேல இல்ல."

"தெரியும். ஆனா லென்ஸை என் கண்ணுலதானே குத்தறீங்க."

மறுநாள் நாத்தனார் வந்தபோது கையில் வேறொரு சேதியும் இருந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, முறையான புதுப்பித்தல் வராத கணினிகளை இணைப்பிலிருந்து துண்டித்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. போர்ட் நின்றால் புதுப்பித்தல் நிற்கும். புதுப்பித்தல் நின்றால், முகமும் காதுமாக அத்தனை கணினியும் இரும்புக்கடைக்கு.

"ஒரே ஒரு மெஷினாம்!" அக்கா குதித்தார். "எந்தக் குருட்டுக் கணக்கு இது? கண்ணு தெரியலைன்னா என் கடைக்கு வரச்சொல்லு அவனை!"

நாத்தனார் கணக்கு டீச்சர். ஆகவே கணக்கு டீச்சர் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "அண்ணி, எங்க ஸ்கூல்லயே ஒரு ரூம் நிறைய இருக்கே. அது ஏன் கணக்குல வரல?"

அக்காவின் குதிப்பு நின்றது.

"அந்தக் கேள்வியை நான்தான் எடுத்தேன்."

"எந்தக் கேள்வியை?"

"எண்ணலாமான்னு கேக்கறதை."

"ஓ. அவங்களுக்கு இஷ்டமா இல்லையான்னு கேக்கவே வேண்டாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"அவங்க நல்லதுக்குத்தான்டீ பண்ணேன்!"

"அப்படித்தான் அண்ணி எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பத்து வார்த்தை திட்டியிருந்தால் அக்கா இருபது வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார்.

ஒரு வழி இருந்தது. அதைக் கத்தரியே தனியாக எழுதி அனுப்பினார். அடுத்த புதுப்பித்தலில், எண்ணும் நிரலை அக்காவே எல்லாக் கணினியிலும் சத்தமில்லாமல் முடுக்கிவிடலாம். பொறுப்பாளர் என்ற முறையில் அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. "ராத்திரியோட ராத்திரியா கணக்கு வந்துடும். நான் கண்ணை மூடிக்கறேன்" என்று முடித்திருந்தார். கத்தரிக்குள்ளும் ஈரம் இருந்தது. ஆனால் வழிந்த இடம் தப்பு.

"கண்ணை மூடிக்கறவங்களோட நான் வியாபாரம் பண்றதில்லை" என்று பதில் போட்டார் அக்கா.

வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார். "பண்ணிட்டுப் போயேன். நல்ல காரியத்துக்குத்தானே?"

"ஊர்ல நடக்கற எல்லாத் திருட்டும் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்குத்தாங்க. உங்க சட்டைப்பைய நான் கேக்காம துழாவினா சும்மா இருப்பீங்களா?"

"துழாவிட்டுத்தானே இருக்கே?"

"அது குடும்பம். இது பொது."

இந்த நுணுக்கமான வேறுபாட்டை அந்த மனிதர் மறுபடி பேப்பருக்குள் போய் யோசித்தார்.

அக்கா செய்தது, நீக்கிய கேள்வியைத் திரும்பப் போட்டது. புதுப்பித்தலோடு அது ஒவ்வொரு கணினிக்கும் போய்ச் சேர்ந்தது. எதற்காகக் கேட்கிறோம், எது அனுப்பப்படும், எது அனுப்பப்படாது, இந்தக் கணக்கு குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் எளிய பேச்சில் எழுதினார். கீழே "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான்கள். ஒரே அளவு, ஒரே நிறம். இதை இன்றைய உலகத்தில் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நம் போன்களில் "சரி" என்பது பந்தல் போட்டு, பச்சை விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும். "வேண்டாம்" என்பதை மூன்று பக்கம் தள்ளி, சாம்பல் நிறத்தில், எறும்பு படிக்கும் எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். நாமும் தினம் பத்துத் தடவை, படிக்காத ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரல் வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கண்கூர்மை பார்க்கிற அக்காவுக்கு எழுத்தைச் சின்னதாக்கினால் யாருக்குத் தெரியாது என்பது நன்றாகவே தெரியும். அதனால்தான் செய்யவில்லை.

நாத்தனாரின் வகுப்பில் அந்தக் கேள்வி முளைத்தது. கணிசமான பிள்ளைகள் "வேண்டாம்" என்பதை அழுத்தினார்கள்.

"என்னடி இது?" அக்கா நொந்துபோனார். "என்ன சொல்றாங்க?"

"ஒருத்தன், காலையிலதானே மிஸ் எண்ணினீங்க, மறுபடி எதுக்குங்கறான். இன்னொருத்தி, எண்ணினா அடுத்து போட்டோ எடுப்பாங்க மிஸ்ங்கறா. இன்னும் ரெண்டு பேர் அவ அழுத்தினதால இவங்களும் அழுத்தினாங்க."

"கீழ எழுதினதைப் படிச்சாங்களா?"

"பிள்ளைங்க அண்ணி. விளையாட்டுக்கு நடுவுல வந்த எதையும் படிக்க மாட்டாங்க." நாத்தனார் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா? சரிங்கறதை அழுத்துங்கன்னு சொன்னா, வரிசையா அழுத்திடுவாங்க."

"சொல்லாதே."

"சொன்னா மெஷின் பிழைக்கும்."

"சொல்லாதேன்னேன்ல! டீச்சர் சொல்லி அழுத்தினா அதுக்குப் பேரு சம்மதமா? அது வீட்டுப்பாடம்!"

"அப்ப இரும்புக்கடைக்குப் போகட்டும்ங்கறீங்க."

அக்கா, வாடிக்கையாளர் யாரும் இல்லாத கடையில் லென்ஸ் மெஷினைப் போட்டு, தேவையில்லாத ஒரு கண்ணாடித் துண்டைத் தூளாகும்வரை தேய்த்தார்.

அடுத்த கூட்டமும் மதிய வேளையில் வந்தது. கணக்கு ஒன்றிலிருந்து ஏறியிருந்தது, ஆனால் கத்தரி கேட்ட உயரத்தைத் தொடவில்லை.

"போதாதுங்க" என்றார் கத்தரி.

"வேண்டாம்னு அழுத்தினவங்க?"

"அவங்களை எப்படி எண்றது?"

"அவங்களும் அதே மெஷின் முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. அதே பிழைதான் அவங்களுக்கும் வரும். அதே புதுப்பித்தல்தான் அவங்களுக்கும் வேணும்."

"நிரூபிங்க."

"நிரூபிச்சா, அவங்க வேண்டாம்னு சொன்னதுக்கு என்ன மரியாதை?"

யாரோ திரையில் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டார்கள். இன்னொருவர் போட்டார். திரை முழுக்கக் கைதட்டல். அதன்பின் வாக்கெடுப்பு நடந்தது. கைதட்டியவர்களில் பெரும்பாலோர், அந்தப் போர்ட்டை நீக்கலாம் என்றே வாக்களித்தார்கள். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். எதிர்த்து வாக்களித்தவன் எதிரி, அவனோடு சண்டையாவது போடலாம். உன் கொள்கை அற்புதம் என்று எழுந்து நின்று தட்டிவிட்டு, அதே கையால் கதவைச் சாத்துகிறவனை என்ன செய்வது?

"அவங்களுக்கு அழகான பேச்சு வேணும், அது கிடைச்சிருச்சு" என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நீக்கிவிட்டார்கள் என்றால் அழித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. குழுவுக்கு ஒரு புறம்போக்கு நிலம் உண்டு. வெளியேற்றப்பட்ட போர்ட்கள் அங்கே குடிசை போட்டுக்கொள்ளலாம். தண்ணீர், விளக்கு, காவல் எல்லாம் அவரவர் பொறுப்பு. அதாவது, அக்காவே மென்பொருளைக் கட்டி, அக்காவே தன் சொந்தச் சர்வரில் வைத்து, அக்காவே கையொப்பமிட்டு அனுப்பிக்கொள்ளலாம்.

"கல்வித்துறை ஒத்துக்குமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

நாத்தனார் சுற்றறிக்கையை மறுபடி படித்துப் பார்த்தார். "முறையான புதுப்பித்தல் வரணும்னுதான் போட்டிருக்கு. யார்கிட்டேருந்துன்னு போடல. எழுதினவர் எங்க அண்ணி மாதிரி ஒருத்தர் இருப்பாங்கன்னு நினைச்சிருக்கமாட்டார்."

ஆக, மெஷின் பிழைக்க வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு கணினியிலும், புதுப்பித்தல் எங்கிருந்து வரவேண்டும் என்ற முகவரியை மாற்றவேண்டும். இனி குழுவிடமிருந்து அல்ல, அக்காவிடமிருந்து. குழுவின் வழியாகப் போகும் கடைசிப் புதுப்பித்தலில் அக்கா ஓர் அறிவிப்பு வைத்தார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, விருப்பமிருந்தால் இந்த முகவரிக்கு மாறிக்கொள்ளுங்கள், மாறினால் நீங்கள் என்னை நம்பவேண்டியிருக்கும். கீழே மறுபடி அதே இரண்டு பொத்தான்கள். அதைச் சத்தமில்லாமல் தானே மாற்றிவிடுவதும் அவர் கையில்தான் இருந்தது. வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அந்த அறிவிப்பு எந்தெந்த ஊரில், எத்தனை பள்ளிகளில், யார் கண்ணில் படும்? அக்காவுக்குத் தெரியாது. போய்ச் சொல்ல விலாசம் கிடையாது. போன் பண்ண எண் கிடையாது. தான் யாருக்காக இத்தனை வருடம் உழைத்தாரோ அவர்களை ஒருவர்கூட விடாமல் பத்திரமாக மறைத்துவைத்திருக்கிறார், தன்னிடமிருந்தும் சேர்த்து. இதை நாத்தனார் சுட்டிக்காட்டியபோது, "தெரியும்டீ, தெரியும்! நீ வேற கணக்குப் போட்டுக் காட்டாதே!" என்று கத்திவிட்டு, உடனே நாத்தனாருக்கு ஒரு டம்ளர் காபியும் கொடுத்தார்.

தெரிந்த ஒரே பள்ளிக்காவது நேரில் போகலாம் என்று ஒருநாள் கடைக்கு லீவு விட்டார்.

அறையில் பிள்ளைகள் கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விளக்கினார். முன்கோபக்காரர்கள் பொறுமையாகப் பேச முயலும்போது வரும் அந்த விசித்திரமான குரலில் விளக்கினார். பெரும்பாலானோர் சரி என்று அழுத்திவிட்டுப் படம் வரையப் போய்விட்டார்கள். ஜன்னலோரம் ஒரு சிறுமி மட்டும் அழுத்தவில்லை. அறிவிப்பின் மேல் விரலை ஓட்டியபடி வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். மென்பொருள் அறிவிப்பு ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கும் மனிதப் பிறவியை அக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"அண்ணி, இவதான் எண்ணினா போட்டோ எடுப்பாங்கன்னு சொன்னவ" என்று நாத்தனார் காதில் கிசுகிசுத்தார்.

சிறுமி நிமிர்ந்தாள். "இதுல நாங்க உங்களை நம்பணும்னு போட்டிருக்கு. நீங்க யாரு?"

"கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

"கண்ணாடிக் கடைக்காரங்க எதுக்கு இதைச் செய்யறீங்க?"

"யாரும் செய்யல. அதான்."

"உங்க வீட்டு மெஷின் நின்னுபோச்சுன்னா?"

"சரி பண்ணுவேன்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா?"

"அப்பவும் பண்ணுவேன்."

"அதுக்கப்புறம்?"

"எதுக்கப்புறம்?"

"நீங்க செத்துப்போயிட்டா?"

"ஏய்!" என்றார் நாத்தனார்.

"இரு, கேக்கட்டும்" என்றார் அக்கா. முகம் சிவந்திருந்தது. வெளியீட்டுக் குழுவில், அத்தனை கைதட்டல்காரர்களில், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "வேற யாருக்காவது சொல்லிக்கொடுத்துட்டுப் போவேன்."

"யாருக்கு?"

"தெரியாது."

சிறுமி மறுபடி திரையைப் பார்த்தாள். 'சரி'யும் 'வேண்டாம்'மும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் அவளுக்காகக் காத்திருந்தன. அக்காவின் விரல்கள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. எட்டி ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. ஒரு விநாடி வேலை.

"இப்பவே சொல்லணுமா?"

"இல்ல" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லை வெளியே எடுக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"அப்ப யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று மூடியைச் சாத்தினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். நாத்தனார் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டு கேட்டார். "நாளைக்குக் கடை அண்ணி?"

"லீவு" என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.